ஈஸ்வரமூர்த்தி வாங்கிய கோப்பை

ஆமாங்க. நிசந்தான். நீங்க கேள்விப்பட்டது அத்தனையும் நிசம். ஈஸ்வரமூர்த்தியைத் தோக்கடிக்கத்தான் இந்த மன்றத்தை ஆரம்பிச்சேன். பொண்ணுகளுக்குத் தைரியம் வரோணும், நாலு காரியம் தெரியோணும்னெல்லாம் நோட்டீஸ்ல போட்டிருக்கும். அது எங்க மன்றத்துப் புள்ள தாரணி எழுதினது. நான் எழுதல.

உக்காருங்க அம்மிணி. உங்க பொண்ணைக் கூப்பிடாதீங்க, அங்கயே கன்னுக்குட்டிகளோட நிக்கட்டும். கூட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரமிருக்குது. 'அந்தம்மா யாருமேலயோ வஞ்சம் வெச்சுட்டு மன்றம் நடத்துதாமே'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டீங்க பாருங்க, எனக்குப் புடிச்சுது. மத்தவங்க கேக்க மாட்டாங்க. பொறத்தால போயிப் பேசுவாங்க. நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன். கேட்டுட்டுப் பொண்ணைச் சேக்கறதுன்னா சேருங்க, இல்லாட்டிக் கூட்டிட்டுப் போங்க.

எனக்குப் பொறந்த ஊரு புளியங்காட்டுவலசு. இங்கிருந்து ஒரே பஸ்தான். மழையை நம்பி மானம் பாத்த காடு, மாடு, ஆடு, அவ்வளவுதான் எங்களுக்கு. எங்கூர்ப் பள்ளிக்கொடத்துல ஞாயித்துக்கெழமையானா இளம் உழவர் மன்றம்னு ஒண்ணு கூடும். பெரியவங்க யாரும் நடத்தறதில்லீங்க. வெவசாய ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் எப்பவாச்சும் மொபெட்டுல வருவார், எட்டிப் பாத்துட்டுப் போயிருவார். தலைவர், செயலாளர் எல்லாமே எங்க வயசுப் பசங்கதான். நான் சேர்றப்ப எனக்குப் பதினாலு வயசு.

கூட்டம்னா சும்மா இல்லீங்க. ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் வாயைத் தொறக்கக் கூடாது. பேசறதுன்னா கை தூக்கோணும். ஒரு காரியம் நடக்கோணும்னா எந்திரிச்சுத் தீர்மானம் சொல்லோணும். இன்னொருத்தர் எந்திரிச்சு 'நான் வழிமொழியறேன்'னு சொல்லோணும். அப்பறந்தான் கை தூக்கச் சொல்லி எண்ணுவாங்க. வழிமொழிய ஆளில்லீன்னா அந்தத் தீர்மானம் அங்கயே செத்துப்போச்சு. எங்க வூட்ல நான் பேசினா எங்கப்பன் தட்டத்துல இருந்து தலையே தூக்க மாட்டார். அங்க நான் கை தூக்கினா, 'துளசிமணி பேசலாம்'னு தலைவர் சொல்லியே ஆகோணும். சட்டம். அதுக்காகவே போனேன்னு வெச்சுக்கங்க.

மத்தபடி அந்த மன்றம் எனக்கு ஒண்ணும் கத்துக் குடுக்கலீங்க. கன்னோட எடைக்குத் தக்கனப் பூச்சி மருந்து குடுக்கறது, தீவனம் கலக்கறது, நாலு பேரு முன்னால நடுங்காமப் பேசறது, இதெல்லாம் பழகினா யாருக்குந்தான் வரும். இந்த ஊருக்கு வந்துட்டிருந்த டவுன் பஸ்ஸை ஒருக்கா நிறுத்திப்போட்டாங்க. நாந்தான் பொம்பளைகளைக் கூட்டி, யாரு எதைப் பேசறதுன்னு பிரிச்சுக் குடுத்து, கலெக்டர் ஆபீஸ்ல போயி நின்னு பஸ்ஸைத் திருப்பிக் கொண்டாந்தேன். அது வேற விசயம். அது என் சொந்த வாய். மன்றத்துக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல.

ஈஸ்வரமூர்த்திக்கு வர்றேன். அவந்தான் அப்ப மன்றத் தலைவன். என்னைவிட மூணு வயசு மூத்தவன். அவிய அப்பா ஊருக்குள்ள பெரிய கை. ஆளும் கெட்டவன்னு சொல்ல முடியாதுங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆத்தரம். சிரிச்ச மொகம். 'துளசி, துளசி'ன்னு தங்கச்சியாட்டம் கூப்பிடுவான்.

மன்றத்துல ஆளுக்கொரு கன்னு வளத்தோணும். தை மாசம் காங்கயத்துல கண்காட்சி நடக்கும். வளத்தவங்களே கன்னுக்குத் தலைக்கயிறு போட்டு, தடுப்புக் கட்டின வட்டத்துக்குள்ள நடத்திக் காட்டோணும். பரிசு குடுக்கறவர் கேள்வி கேப்பார், பதில் சொல்லோணும். நான் வளத்தது எங்க சாம்பல் நெறத்து மயிலைப் பசு போட்ட கெடாரிக்கன்னு. எங்க பக்கத்துக் கன்னெல்லாம் செவலையாப் பொறந்து, ஆறு மாசம் போனா நெறம் மாறி மயிலையாகும். இது நெறம் மாறறதுக்கு முன்னாடியே கழிச்சல் கண்டு படுத்துப்போச்சு. கழுத்தைத் தூக்க மாட்டாது. எங்கப்பன் பாத்துட்டு, "அது தேறாது, வுடு"ன்னுட்டார்.

நான் வுடல. பள்ளிக்கொடம் போகாம, வெல்லமும் உப்பும் கரைச்ச தண்ணியைக் கரண்டி கரண்டியா ஊத்துனேன். சாக்கை மடிச்சு அடியில போட்டு, இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் ஒருக்காப் பொரட்டிப் படுக்க வெச்சேன். ஒருநா தானா எந்திரிச்சு நின்னுச்சு. பொறவு நடக்கப் பழக்குனேன். கயித்தை இழுத்தா கன்னு காலை ஊணிட்டு நின்னுக்கும். இழுக்கவே கூடாது. திரும்பிப் பாக்காம முன்னால நடக்கோணும். நம்மளை நம்புச்சுன்னா அதுவா வரும்.

கண்காட்சி அன்னைக்கிக் காத்தால கன்னைக் குளிப்பாட்டித் தொடைச்சு நிறுத்தியிருந்தேன். புதுத் தாவணி போட்டிருந்தேன். ஈஸ்வரமூர்த்தி வந்தான். வெள்ளைச் சட்டை.

"துளசி, கயித்தை நான் புடிச்சுக்கறேன்"னான்.

"ஏன்? கன்னு என்னுதாச்சே."

"அத்தனை கூட்டத்துல பொட்டப்புள்ள மாடு ஓட்டிட்டு நடந்தா சிரிப்பாங்க. நான் நடந்தா என்ன, நீ நடந்தா என்ன? மன்றத்துக்குத்தான பேரு."

எங்கப்பனைப் பாத்தேன். "தலைவர் சொல்றார்ல, குடு"ன்னார். பதினேழு வயசுப் பையனைத் 'தலைவர்'ங்கறார் எங்கப்பன். குடுத்தேன். குடுத்ததோட வுட்டானா? எந்த மாசம் பொறந்துச்சு, என்ன தீவனம், எப்பப் பூச்சி மருந்துன்னு எங்கிட்டவே கேட்டு மனப்பாடம் பண்ணிட்டான். நானும் சொல்லிக் குடுத்தேன். தப்பாச் சொல்லிக் குடுக்கோணும்னு எனக்கு அப்பத் தோணவே இல்லீங்க. இப்பத் தோணுது.

வட்டத்துக்குள்ள போனான். ரெண்டு எட்டு வெச்சதும் கன்னு காலை ஊணிட்டு நின்னுக்கிச்சு. இழுக்கறான். அசையல. பரிசு குடுக்கறவர் பேனாவை மூடப் போறார். நான் மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டத்துல நிக்கறேன். கன்னு காதை நிமுத்தி என்னையப் பாத்துச்சு. நான் தடுப்பை ஒட்டி மெல்ல நடந்தேன். அதுவும் உள்ளுக்குள்ள என் கூடவே நடந்துச்சு. நான் நின்னப்ப நின்னுச்சு, நாலு காலும் நேரா. வட்டம் முழுக்க அப்படியே சுத்தி வந்தோம், நான் வெளிய, அது உள்ள. நடுவுல கயித்தைப் புடிச்சுட்டு அவன்.

நான் நடக்காம நின்னிருந்தா அவன் தோத்திருப்பானுங்க. ஆனா கன்னும் தோத்திருக்கும்ல.

கோப்பை அவன் கைக்குப் போச்சு. போட்டோ புடிச்சாங்க. மைக்கைக் குடுத்தாங்க. "இந்தக் கன்னை ராப்பகலாப் பாத்து வளத்தேன்"ன்னான். கூட்டம் கை தட்டுச்சு. எங்கப்பனும் தட்டினார். கோப்பை வாங்கின கன்னுன்னு பேராகி, யாரோ கேட்டு வந்து, அடுத்த மாசமே எங்கப்பன் அதை வித்தும் போட்டார். வண்டியில ஏத்தறப்ப நான் பள்ளிக்கொடத்துல இருந்தேன்.

கண்காட்சி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை கூட்டத்துல நான் கை தூக்கினேன். "கன்னு வளத்தது துளசிமணிதான்னு மன்றம் பதிவு பண்ணோணும்"னு தீர்மானம் சொன்னேன். ஈஸ்வரமூர்த்திதான் தலைவன் நாற்காலில உக்காந்திருக்கான். "வழிமொழியறவங்க?"ன்னான். யாருமில்ல. ருக்குமணின்னு என் கூட்டாளி, கன்னுக்கு என் கூடவே தண்ணி தூக்கினவ, அவ குனிஞ்சு தரையைப் பாக்கறா. "வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் தள்ளுபடி"ன்னு படிச்சான். சிரிக்கக்கூட இல்ல. மொறைப்படி படிச்சான்.

அன்னைக்கு முடிவு பண்ணினேன் அம்மிணி. இவனை ஒருநா அதே மைதானத்துல, அதே மைக்குல, தலைகுனிய வெக்கறதுன்னு.

கல்யாணமாகி இந்த நாச்சிவலசுக்கு வந்தேன். அவன் படிச்சான், தீவனக் கடை வெச்சான், பெரிய மனுசனானான். அந்த மன்றத்துக்கே புரவலர் ஆயிட்டான். வருசா வருசம் கண்காட்சி மேடையில அந்தக் கன்னுக் கதையைச் சொல்லுவான். 'மன்றம் எனக்குப் பொறுப்பைக் கத்துக்குடுத்தது, ஒரு உயிரைக் காப்பாத்தக் கத்துக்குடுத்தது'ம்பான். ஒவ்வொரு வருசமும் அந்தக் கன்னுக்குப் புதுசா ஒரு சீக்கு வரும். ஒரு வருசம் தோள்ல தூக்கிட்டு டாக்டர் வூட்டுக்கு ஓடினானாம். நான் கூட்டத்துல நின்னு கேட்டுட்டு வருவேன். ஒரு வருசம்கூடத் தவறினதில்ல.

என் பசங்க கொஞ்சம் பெருசானதும் நான் இங்க மன்றம் ஆரம்பிச்சேன். பொண்ணுகளுக்கு மட்டும். மொதச் சட்டமே, கயிறு யாரு வளத்தாங்களோ அவங்க கையிலதான். ரெண்டாவது சட்டம், கண்ணுல பாக்காததை மைக்குல சொல்லக்கூடாது. எல்லாம் அவனை நெனச்சுட்டே போட்ட சட்டம். போகப்போக எங்க பொண்ணுக அவன் மன்றத்துப் பசங்களை ஜெயிக்க ஆரம்பிச்சாங்க. அவன் மேடையில நின்னு எங்க பொண்ணுக கையில கோப்பையைக் குடுப்பான், 'சபாஷ்'ம்பான். அவனுக்கு ஒறைக்கவே இல்லீங்க! நான் யாருன்னே ஞாபகமில்லையோ என்னமோ. எனக்கு அது பத்தல.

அப்பத்தான் ஒருநா ஒரு புள்ள சைக்கிள்ல வந்து எறங்குச்சு. ஒல்லியா, நெட்டையா. "நான் தாரணி. எங்கப்பா மன்றத்துல பொண்ணுகளுக்குக் கயிறு குடுக்கறதில்ல. இங்க குடுப்பீங்களாமே?"ன்னுது.

"உங்கப்பா யாரு?"

"ஈஸ்வரமூர்த்தி."

சாமியாப் பாத்து அனுப்பியிருக்குதுன்னு நெனச்சேன். "அவிய ஒண்ணும் சொல்லலையா?"ன்னேன்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன். சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல"ன்னா. "உங்களை என்னன்னு கூப்பிடறது? அத்தைன்னு கூப்பிடலாமா?"

அத்தை! கூப்பிடு கண்ணுன்னேன்.

அவளுக்கு நான் பண்ணாதது இல்ல. மாடு கட்டற கட்டுத்தரையில இருந்ததுலயே நல்ல கன்னு கோகிலாங்கற புள்ள வளத்துட்டிருந்துச்சு. அதை மாத்தித் தாரணிக்குக் குடுத்தேன். கோகிலா அழுதா. ரெண்டு நாள்ல சரியாயிரும்னேன். பெரிய காரியத்துல அப்படி ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும், புள்ளைகளுக்கு அது புரியாது. ஆனா தாரணி என்ன பண்ணினா தெரியுங்களா? மறுநாளே கயித்தைக் கொண்டுபோயி கோகிலா கையில குடுத்துட்டு, "அத்தை, இது அவ கன்னு"ன்னுட்டா. மூலையில கெடந்த மெலிஞ்சு வளராத ஒரு சூம்பல் கன்னைப் புடிச்சுக் கட்டிக்கிட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு! ஆனா பாருங்க, அந்தச் சூம்பலை அவ தேத்தின தேத்து... சும்மா சொல்லக் கூடாது.

கண்காட்சிக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே அவ மேடையில என்ன பேசோணும்னு எழுதிக் குடுத்துட்டேன். 'எங்கப்பா சொல்ற கன்னை எங்கப்பா வளக்கல. வளத்தது துளசிமணி அத்தை. கயிறு மட்டுந்தான் எங்கப்பா புடிச்சார்.' மூணே வரி. அவன் மேடையில உக்காந்திருப்பான், அவன் பெத்த பொண்ணு வாயில இருந்து வரோணும். சொல்லச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழக்குனேன்.

"அத்தை, இதை நான் பாக்கலையே"ன்னா ஒருநா.

"நான் பாத்தேன்ல? நான் சொல்றேன்ல?"

அவ தாளை மடிச்சு வெச்சுக்கிட்டா. சரின்னு எடுத்துக்கிட்டேன்.

கண்காட்சியில கன்னுக்கான பரிசு கோகிலாவுக்கு, நடத்திக் காட்டினதுக்கான பரிசு தாரணிக்கு. ரெண்டும் எங்களுக்கே. தாரணி கையில மைக்கைக் குடுத்தாங்க. மேடையில அவன் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுட்டு உக்காந்திருக்கான். நான் முன்வரிசைக்கு வந்து நின்னேன்.

அவ அவளோட கன்னைப் பத்திப் பேசினா. என்ன குடுத்தா, எங்க தப்புப் பண்ணினா, எப்படித் திருத்தினா, எல்லாம். அப்பறம் நிறுத்தினா. "என்னைய இன்னொண்ணும் பேசச் சொல்லியிருக்காங்க. அது நான் கண்ணுல பாக்காதது. பாக்காததை மைக்குல சொல்லக்கூடாதுன்னு எங்க மன்றத்துல சட்டம். அதனால அதை வூட்ல கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்"ன்னுட்டு எறங்கிட்டா.

கூட்டத்துக்கு ஒண்ணும் புரியல, கை தட்டுச்சு. ஈஸ்வரமூர்த்தியும் கை தட்டத் தூக்கினான். தூக்கின கை பாதியில நின்னுச்சு. என்னையப் பாத்தான். அப்பத்தான், அத்தனை வருசத்துல அப்பத்தான், துளசின்னு என்னைய அடையாளம் தெரிஞ்சிருக்கோணும்.

அதோட வுட்டாளா அவ? அடுத்த கூட்டத்துல கை தூக்கி எந்திரிச்சா. 'மன்றத்துப் பெரியவங்க யாரும் புள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் குடுக்கக் கூடாது, ஒருத்தர் கன்னை இன்னொருத்தருக்கு மாத்தக் கூடாது'ன்னு தீர்மானம். என் மேலங்க! என் கட்டுத்தரையில, நான் வாங்கிப் போட்ட நாற்காலியில உக்காந்துட்டு! சொல்லி வாய் மூடலை, கோகிலா எந்திரிச்சு 'வழிமொழியறேன்'ங்கறா. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுட்டு வந்திருக்கறாளுக. ஆளைத் தயார் பண்ணிட்டுத்தான் எந்திரிக்கோணும்னு நாந்தான அவளுகளுக்குச் சொல்லிக் குடுத்தது.

"அத்தை, நீங்க ஏதாச்சும் சொல்லோணுமா?"ன்னா செயலாளர் புள்ள. நான் கை தூக்கி, எந்திரிச்சு, நன்றி கெட்டவளுகன்னு ஆரம்பிச்சு வாயில வந்ததெல்லாம் சொன்னேன். ஒருத்தி குறுக்க பேசல. முடிக்கற வரைக்கும் கேட்டாளுக. அப்பறம் கை தூக்கி எண்ணினாளுக. நெறைவேறிப்போச்சு. நானுங் கட்டுப்படறேன், என்ன பண்றது, சட்டம்.

ஆனா விசயம் அதில்லீங்க. தாரணி வூட்ல கேக்கறேன்னு சொன்னாள்ல, கேட்டுட்டா. ஒரே கேள்வி. "அப்பா, அந்தக் கன்னுக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

எங்க மன்றத்துல ஒவ்வொரு கன்னுக்கும் பேருண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வரும். அவ கேட்டது அவளுக்குத் தெரிஞ்ச கேள்வி. அவன் முழிச்சிருக்கான். அப்பறம் 'லட்சுமி'ன்னிருக்கான்.

அவ எங்கிட்ட வந்து, "அத்தை, லட்சுமியா?"ன்னா.

"இல்ல."

"சரி"ன்னா. அவ்வளவுதான். அழுகல, ஆர்ப்பாட்டம் பண்ணல. போயித் தவிட்டைக் கலக்க ஆரம்பிச்சுட்டா.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு மத்தியானம் நான் இங்கதான் சோளத்தட்டு வெட்டிட்டிருந்தேன். வாசல் படலுக்கு வெளிய கார் வந்து நின்னுச்சு. அவன் எறங்கினான். முடியெல்லாம் கொட்டி, வேர்த்து வடிய நின்னான். வாங்கன்னு நான் சொல்லல. தண்ணி குடிக்கறீங்களான்னு கேக்கல. எங்க பக்கம் அது எத்தனை பெரிய அவமானம்னு உங்களுக்கே தெரியும். வெயில்ல நிக்கட்டும்னு வெட்டிட்டே இருந்தேன்.

"துளசி"ன்னான்.

நான் தலை தூக்கல.

"அவ எங்கிட்டக் கோவமா இருந்தாக்கூடப் பரவால்ல துளசி. நல்லாத்தான் பேசறா. ஆனா சாப்பிட உக்காந்தா 'ஞாபகம் வந்துச்சாப்பா?'ன்னு கேக்கறா. சாதாரணமாக் கேக்கறா. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"அதுக்கு?"

"அந்தப் பேரைச் சொல்லு. நானே போயி அவகிட்ட உண்மையைச் சொல்லி, பேரையும் சொல்லிர்றேன். வர்ற வருசம் மேடையிலயே சொல்றேன், கன்னு உன்னுதுன்னு. மைக்குலயே சொல்றேன். நீ முன்னால உக்காந்து கேளு."

நெனச்சுப் பாருங்க அம்மிணி. எதுக்காக இத்தனை வருசம் ஒறங்காமக் கெடந்தேனோ, அதை அவனே கொண்டாந்து படலுக்கு வெளிய நின்னு நீட்டறான். வாங்கியிருக்கலாம்தான். ஆனா அவன் மூஞ்சியைப் பாத்தேன். மைக்குல சொல்லிட்டா அவனுக்கு அதோட முடிஞ்சுபோகும். நாலு பேரு எந்திரிச்சு, 'என்ன பெருந்தன்மை'ன்னு அதுக்கும் கை தட்டுவாங்க. அதுலயும் அவந்தான் ஜெயிப்பான்.

"மைக்குல நீங்க எதை வேணும்னாலும் சொல்லிக்கங்க. பேரைச் சொல்ல மாட்டேன்"னேன்.

நின்னு பாத்தான். போயிட்டான். இப்பெல்லாம் மேடைக்கே வர்றதில்லையாம். கன்னுக் கதையை வுட்டே போட்டானாம்.

தாரணி விசயம் தெரிஞ்சு வந்தா. "அத்தை, எனக்காச்சும் சொல்லுங்களேன்."

"சொன்னா உங்கப்பன்கிட்டப் போயிச் சொல்லிருவியா?"

"சொல்லுவேன். அவர் பாவம்"ன்னா. பொய் சொல்லத் தெரியாத கழுதை. 'இல்ல அத்தை, சொல்ல மாட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னமோ.

"அப்பச் சொல்ல மாட்டேன்"னேன்.

"சரிங்கத்தை. அது உங்க கன்னு. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்"னுட்டு, கன்னை அவுத்துட்டுப் போயிட்டா. சண்டைகூடப் போடலீங்க.

அதனால உங்க கேள்விக்குப் பதில், ஆமா, வஞ்சந்தான். நான் ஜெயிச்சுட்டேன். ருக்குமணிகூட அன்னைக்கி ஒரு கல்யாணத்துல பாத்துட்டு, "ஏன்டி துளசி, என்ன பேரு, நானே மறந்துட்டேன்"னா. அவகிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. எங்கப்பனும் போயிட்டார். இனி உலகத்துல அந்தப் பேரு தெரிஞ்சது நான் ஒருத்திதான். மறந்துறக் கூடாதில்லைங்களா? அதனால காத்தால கட்டுத்தரைக்கு வர்றப்ப, புள்ளைக யாரும் வர்றதுக்கு முன்னாடி, ஒருக்கா வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாத்துக்குவேன். இத்தனை கன்னு நிக்குது. ஒண்ணும் திரும்பிப் பாக்காது.